கிங் ஆய்ஸ்டர் காளான் சுக்கா: ஒரு புரட்டாசி மாத அடுப்படிக் குறிப்பு

புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கிவிட்டு, எங்கள் புளோக்கின் கீழ் இருக்கும் பேரங்காடியில் இரண்டு பொட்டலம் கிங் ஆய்ஸ்டர் காளானும் எடுத்து வந்தேன். பொட்டலம் ஒன்று 400 கிராம். கொரியாவிலிருந்து வந்த சரக்கு. அம்மா தேவகோட்டையிலிருந்து வந்து எங்களோடு இரண்டு மாதம் தங்கியிருந்த சமயம் அது. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முள்ளங்கிக்குத் தொப்பி வச்ச மாதிரி இருக்கே, என்னடா இது?"

புரட்டாசியில் காளானையும் சேர்க்காத வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் கவிச்சிக்கு மட்டும்தான் தடை. சிங்கப்பூரில் சீனர்களின் சைவக் கடைகளில் இந்தக் காளானை எத்தனையோ விதமாகச் சாப்பிட்டிருக்கிறேன். தட்டையாகச் சீவி, மிளகுப்பொடி தூவிப் பொரித்தது. காய்ந்த மிளகாயும் முந்திரியும் போட்டுப் பிரட்டியது. அந்தக் கடைகளில் கிடைக்கும் பதம் என் அடுப்பில் ஒருநாளும் வந்ததில்லை. இந்த மாதம் நான்கு சனிக்கிழமையும் இதையே கையில் எடுத்து, செட்டிநாட்டுப் பக்கத்துச் சுக்கா மசாலாவில் இதை நிறுத்திப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கறி மாதிரின்னு சொல்லி எதையும் எலையில வைக்காதே. காளான்னா காளான்னு சொல்லி வை."

அப்போது அது விரதத்துக்காகச் சொன்ன பேச்சு என்றுதான் நினைத்தேன். சமையலுக்கும் அதுதான் சரியான வழி என்று புரிய மூன்று வாரம் ஆயிற்று.

முதல் சனி

கறித்துண்டு அளவுக்குச் சதுரமாக வெட்டினேன். வெங்காயம், தக்காளி வதக்கி, அரைத்த மசாலா ஊற்றி, அது கொதித்ததும் காளானைப் போட்டு மூடிவிட்டேன். பட்டன் காளானுக்கு நான் வழக்கமாகச் செய்வதும் இதுதான். 20 நிமிடம் கழித்துத் திறந்தால், கெட்டியாக இருந்த குழம்பு ரசம்போல இளகிக் கிடந்தது. காளான் துண்டுகள் அப்படியே வெள்ளை வெளேரென்று மிதந்தன. கடித்தால் வழுக்கியது. உப்போ உறைப்போ உள்ளே ஒரு நூலளவுகூட ஏறவில்லை.

அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "குழம்பு தனியா நிக்குது, காய் தனியா நிக்குது" என்றார். எவ்வளவு யோசித்தாலும் இதைவிடச் சரியாக அந்தக் குறையைச் சொல்ல முடியாது.

பழுதுக்குக் காரணம் தெரியாமல் அடுத்த முயற்சிக்குப் போகக் கூடாது என்று அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். புதுக் காளானில் 100 கிராமுக்கு 85 முதல் 90 கிராம் வரை தண்ணீர்தான். நனைந்த துணி மேற்கொண்டு தண்ணீர் குடிக்காது. தண்ணீர் நிறைந்த காளானும் குழம்பைக் குடிக்காது. வெந்துகொண்டே தன் தண்ணீரைக் குழம்புக்குள் விட்டிருக்கிறது, பதிலுக்கு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, காளானின் செல் சுவர் கைட்டின் என்னும் பொருளால் ஆனது. இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருப்பதும் அதே பொருள்தான். சாதாரணமாகக் கொதிக்கிற சூட்டில் அது கரைவதில்லை. கத்தரிக்காயைக் கூடுதலாக ஐந்து நிமிடம் வேகவிட்டால் குழைந்துவிடும், ஆட்டுக்கறியைக் குறைவாக வேகவிட்டால் ரப்பராக நிற்கும். காளானுக்கு இந்த இரண்டு பயமும் இல்லை. அதனால் "எவ்வளவு நேரம் வேக வேண்டும்" என்ற கேள்வியோடு இந்தக் காளானை அணுகுவதே தவறு. தண்ணீர் எப்போது வெளியேறும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வாரநாளில் இரண்டு சிறு சோதனைகள்

செவ்வாய்க்கிழமை எண்ணெயில் வதக்கிப் பார்த்தேன். 200 கிராம் காளான், இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். போட்ட நொடியில் எண்ணெய் முழுவதும் காணாமல் போனது. சட்டி வறண்டதைப் பார்த்துப் பதறி, இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். அதுவும் போனது. ஏழெட்டு நிமிடத்தில் காளான் தண்ணீர் விட்டுச் சுருங்கத் தொடங்கியதும் குடித்த எண்ணெயை எல்லாம் திரும்பக் கக்கியது. கடைசியில் எண்ணெயில் குளித்த காளான்தான் மிஞ்சியது. எண்ணெய் போதவில்லை என்று முதல் ஐந்து நிமிடத்தில் தோன்றுவதை நம்பிக் கூடுதலாக ஊற்றாதீர்கள்.

புதன்கிழமை அம்மா சொன்னபடி குக்கரில் கால் டம்ளர் தண்ணீரோடு இரண்டு விசில். காளான் உடையவில்லை, கொஞ்சம் மென்மையாகவும் ஆனது. ஆனால் ருசி எல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அந்தத் தண்ணீரில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்தோம். ரசம் பிரமாதம். காளானுக்குத்தான் உயிரில்லை.

எண்ணெய் இல்லாமல், பாரம் வைத்து

இரண்டாவது சனிக்கிழமை காலையில் தராசை எடுத்து அடுப்புப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல்லைப் புகை வரும் நேரம் வரை காயவைத்து, நீளவாக்கில் அரை விரல் தடிமனுக்குச் சீவிய காளானை ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் பரப்பினேன். அதன்மேல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் அம்மிக் குழவியை வைத்தேன். குழவி இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும்.

இங்கே கண்ணைவிடக் காதுதான் வேலை செய்கிறது. முதல் இரண்டு நிமிடம் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம், காளான் கல்லில் அழுந்தி நகர்கிற சத்தம். பிறகு சளசளவென்று தண்ணீர் வெளியே வந்து கல்லின் ஓரத்தில் நுரைத்தது. 6ஆம் நிமிடத்தில் அந்தச் சளசளப்பு உச்சத்தில் இருந்தது. நான் முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் "வெந்துவிட்டது" என்று மசாலா போட்டுவிடுவேன். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். 11ஆம் நிமிடம் சத்தம் மெல்ல அடங்கி, சிடுசிடுவென்று மெல்லிசாக மாறியது. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் இருக்கும் வரை கல்லின் மேல் கிடப்பதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. சிவந்து மணம் வர 140 டிகிரியைத் தொட வேண்டும். ஆகவே சளசளப்பு ஓய்ந்த பிறகு வரும் மூன்று நான்கு நிமிடத்தில்தான் உண்மையான சமையல் நடக்கிறது. திருப்பிப் போட்டபோது தோசையின் முறுகல் நிறத்தில் இருந்தது. வேர்க்கடலை வறுக்கும்போது வருமே, அதற்குப் பக்கத்து வாசம்.

நிறுத்துப் பார்த்தேன். போட்டது 400 கிராம், எடுத்தது 248 கிராம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆவியாகப் போயிருக்கிறது. அந்த இடமெல்லாம் உள்ளே காலியாக இருக்கிறது. இனி எதை ஊற்றினாலும் குடிக்கும்.

அப்படியேதான் நடந்தது. தனியே வதக்கி வைத்திருந்த மசாலாவில் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, இந்தக் காளானைப் போட்டதும் கண்ணெதிரே சாறு வற்றியது. வத்தலைக் குழம்பில் போட்டால் ஊறுமே, அதே ஊறல். முதலில் அதன் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகுதான் நம் சாற்றைக் கொடுக்க வேண்டும். இந்த ஒன்றைத் தலைகீழாகச் செய்துதான் இத்தனை வருடம் வீணாக்கியிருக்கிறேன்.

அம்மா முழுத் தட்டையும் சாப்பிட்டார். ஆனாலும், "மசாலா மேலாப்ல ஒட்டியிருக்கு. நாருக்கு நார் ஏறணும்" என்றார். சரிதான். பட்டையாகச் சீவியதால் மசாலா பிடிக்க இரண்டு பக்கம்தான் இருந்தன.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி

நார் என்று அம்மா சொன்ன சொல் மனதிலேயே கிடந்தது. இந்தக் காளானின் தண்டில் நார் மேலிருந்து கீழாக, ஒரே திசையில் ஓடுகிறது. வெங்காயத்தாள் கட்டை இறுக்கிக் கட்டினதுபோல நினைத்துக்கொள்ளலாம். நீளவாக்கில் பிய்த்தால் இழை இழையாகப் பிரியும். குறுக்கே வெட்டினால் இழைகளின் வாய் எல்லாம் மேலே தெரியும்படி வட்ட வில்லை கிடைக்கும், கடித்தால் மெத்தென்று இருக்கும். பொருள் ஒன்றுதான். கத்தி எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்து அது இரண்டு வெவ்வேறு காய்கள் ஆகிவிடுகிறது. என் முதல் சனிக்கிழமைச் சதுரங்கள் இரண்டிலும் சேராதவை.

பச்சையாகவே பிய்த்துப் பார்த்தேன். இழை தடியாக வந்தது, பாதியில் முறிந்தது. மாடிப்படி அருகே எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர் உடனே கையால் செய்து காட்டினார். முதலில் முழுசாக ஆவியில் வேகவை, ஆறவிடு, பிறகு விரலால் பிய், கத்தியைத் தொடாதே. அவர்கள் வீட்டில் அப்படிப் பிய்த்த காளானில் சோயா சாறு, பூண்டு, மிளகாய் எண்ணெய் ஊற்றி ஆறிய பண்டமாகவே சாப்பிடுவார்களாம். கையால் பிய்த்த காளான் என்பதே சீனத்தில் அந்தப் பண்டத்தின் பெயர். காளானுக்கு அவர்கள் சொல்லும் பெயர் சிங் பாவ் கூ. வாதுமைப் பருப்பின் வாசமும் அபலோன் என்னும் கடல் நத்தையின் மெல்லும் பதமும் சேர்ந்த காளான் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். கொரியர்கள் சேசொங்கி என்கிறார்கள். சொங்கி என்பது பைன் மரத்தடியில் முளைக்கும் விலையுயர்ந்த காளான்; இது புதுச் சொங்கி.

இட்லிப் பானையில், தட்டின் மேல் துணி இல்லாமல் காளானை முழுசாக அடுக்கி 10 நிமிடம் வைத்தேன். ஆறியதும் தொப்பிப் பக்கத்திலிருந்து விரல் நகத்தால் கீறி இழுத்தால், வாழைநாரைக் கிழிப்பதுபோல அடிவரை ஒரே ஓட்டமாக வந்தது. பேனா ரீஃபில் தடிமனுக்குப் பிய்ப்பது சரி. அதைவிட மெல்லிசாகப் பிய்த்தால் வறுக்கும்போது சருகாகிவிடும். அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து 800 கிராமையும் பிய்த்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. தட்டின் அடியில் வடிந்த தண்ணீரைக் கொட்டவில்லை, கிண்ணத்தில் எடுத்துவைத்தேன்.

இந்தக் காளான் எங்கிருந்து வருகிறது

இதற்கிடையில் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னை மிகவும் மகிழ்வித்தது. இதன் பூர்விகம் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள். அங்கே எரிஞ்சியம் என்னும் முட்செடியின் வேரை ஒட்டி முளைக்கிறது. ப்ளூரோட்டஸ் எரிஞ்சி என்ற அறிவியல் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஜப்பானியர்கள் எரிங்கி என்றே அழைக்கிறார்கள். அந்த முட்செடி கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மல்லி, சீரகம், சோம்பு மூன்றும் அதே குடும்பம். சுக்கா மசாலாவின் அடித்தளமே இந்த மூன்றும்தான். காளான் தன் பிறந்தகத்தில் ஒட்டி வளர்ந்த செடிக்கு உறவான விதைகளை என் அம்மா அஞ்சறைப் பெட்டியிலிருந்து அள்ளிப் போடுகிறார். இதனால் ருசி கூடுகிறது என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் மசாலா அரைக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

தெற்கு இத்தாலியில், முக்கியமாகப் புலியா பகுதியில், இதைக் கர்தொன்செல்லோ என்கிறார்கள். அங்கே ஆட்டுக்குட்டி இறைச்சியோடு சேர்த்தே இதைச் சமைக்கும் வழக்கம் உண்டு. அதாவது, இதை நெடுங்காலமாகத் தின்றுவரும் ஊரில் இது கறிக்கு மாற்று அல்ல. கறியோடு பக்கத்தில் உட்காரத் தகுதியுள்ள தனிப் பண்டம். அம்மா வைத்த நிபந்தனை அந்த ஊருக்காரர்களுக்குப் புரியும்.

காட்டில் முளைப்பதற்குத் தொப்பி பெரிதாகவும் தண்டு குட்டையாகவும் இருக்கும். நமக்குக் கடையில் கிடைப்பது பண்ணையில், மரத்தூளும் தவிடும் அடைத்த பிளாஸ்டிக் பாட்டில்களில், குளிரூட்டிய அறைக்குள் வளர்வது. அறைக்குள் கரியமிலவாயு கூடுதலாக இருந்தால் காளான் காற்றைத் தேடுவதுபோலத் தண்டை நீட்டும், தொப்பி சிறுக்கும். நம் சுக்காவுக்கு வேண்டியதும் அந்தத் தண்டுதான்.

மூன்றாவது சனி: சுக்கா

ஆவியில் வெந்து பிய்த்த இழைகளை எண்ணெய் இல்லாமல் வறுத்தபோது மீண்டும் ஒரு தவறு செய்தேன். 800 கிராமையும் ஒரே இருப்புச்சட்டியில் கொட்டிவிட்டேன். குவியலின் அடியிலிருந்து எழுந்த ஆவி மேலே உள்ளதை மறுபடி வேகவைத்தது. 15 நிமிடம் ஆகியும் சளசளப்பு ஓயவில்லை. பாதியை வெளியே எடுத்துவிட்டு, கல்லில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூன்று தடவையாக வறுத்தேன். ஒவ்வொரு தடவையும் 9 நிமிடம். ஏற்கெனவே ஆவியில் கொஞ்சம் தண்ணீர் இறங்கிவிட்டதால் இரண்டாம் சனியைவிட வேகமாகச் சிவந்தது. பிய்த்த இழைக்குப் பாரம் தேவையில்லை. தோசைத்திருப்பியால் அவ்வப்போது அழுத்திக் கொடுத்தால் போதும். 800 கிராம் போட்டு, கடைசியில் தட்டில் இருந்தது 455 கிராம்.

உப்பை எப்போது போடுவது என்பதிலும் ஒரு தடவை மாற்றிப் பார்த்தேன். வறுக்கும் முன்பே உப்புத் தூவிய பங்கு இன்னும் அதிகமாகத் தண்ணீர் கக்கி, சிவக்க நேரம் எடுத்தது. சிவந்த பிறகு மசாலாவோடு உப்புச் சேர்த்த பங்கு நன்றாக வந்தது. ஆகவே கல்லில் இருக்கும்வரை உப்பு வேண்டாம்.

மசாலாவுக்கு இது நாங்கள் எடுத்த அளவு, நாலைந்து பேருக்கு வரும். மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒன்று, சோம்பு அரை, இவற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் இழையில் ஒட்டிக் கசக்கிறது. சட்டியில் நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் சிறு துண்டு பட்டை, ஒரு சிட்டிகை கல்பாசி, ஒரு தேக்கரண்டி சோம்பு, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. 150 கிராம் சின்ன வெங்காயத்தை இரண்டாக நறுக்கிப் போட்டுப் பொன்னிறம் தாண்டும்வரை வதக்கி, ஒன்றரைத் தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு சின்னத் தக்காளி. தக்காளி குழைந்ததும் கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், உப்பு. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை தீயைக் குறைத்து வதக்க வேண்டும், இதில் அவசரப்பட்டால் பச்சை வாசம் கடைசிவரை போகாது.

அடுத்து ஊற்றுகிற சாறு. இட்லித் தட்டின் அடியில் வடிந்த தண்ணீரோடு, நான்கு காய்ந்த ஷீட்டாக்கே காளானை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்த தண்ணீரையும் வடிகட்டிச் சேர்த்தேன். மொத்தம் 150 மில்லி. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் குளூட்டமேட்தான் மூலம் என்று கண்டறிந்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். தக்காளியில் அது தாராளமாக இருக்கிறது. காய்ந்த ஷீட்டாக்கேயில் குவானிலேட் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தால் தனித்தனியே தருவதைவிடப் பல மடங்கு ருசி எழும் என்று 1957 வாக்கில் அகிரா குனினாகா என்ற இன்னொரு ஜப்பானியர் காட்டினார். எலும்புச்சாறு இல்லாத சுக்காவில் ஏதோ ஒன்று குறைகிறதே என்று எனக்கு இரண்டாம் சனியன்று பட்டது. அந்தக் குழியை இந்த 150 மில்லி நிரப்பியது. ஊறிய ஷீட்டாக்கேயைத் தூக்கிப் போடாமல், மறுநாள் பொடியாக நறுக்கி உப்புமாவில் சேர்த்தோம்.

சாறு கொதித்ததும் வறுத்த இழைகளைப் போட்டு, தீயைக் கூட்டிப் பிரட்டினேன். மூன்று நிமிடத்தில் சாறு முழுவதும் உள்ளே போனது. பிறகு தீயைக் குறைத்து, பொடித்த மிளகுக் கலவையைத் தூவி, ஒரு கரண்டி நல்லெண்ணெயைச் சுற்றிலும் விட்டு, சட்டியில் மசாலா ஒட்டிப் பிடிக்கும்வரை எட்டு நிமிடம் சுருளவிட்டேன். இடையிடையே சுரண்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் பச்சைக் கறிவேப்பிலை ஒரு கைப்பிடி.

அம்மா இலையில் வைத்ததை எடுத்து இழையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே வரை செம்பழுப்பு. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து எழுந்தவர், அடுப்படிக்குப் போய் அந்த இருப்புச்சட்டியில் ஒரு கைச் சோறு போட்டுப் பிரட்டி, என்னைக் கூப்பிட்டு ஒரு உருண்டை கையில் வைத்தார். ஊரில் கறிச்சட்டியைத் தவிர வேறு சட்டியில் அவர் அப்படிப் பிரட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் வாய் திறந்தபோது, "நல்ல காளான்டா" என்றுதான் சொன்னார்.

சுருக்கமாகச் சில விஷயங்கள்

குறுக்கே வெட்டிய வில்லை வேறு பண்டத்துக்கு ஆகிறது. ஒரு அங்குலக் கனத்துக்கு வெட்டி, இரண்டு முகத்திலும் கத்தி முனையால் மேலோட்டமாகக் கட்டம் கீறி, குழவிப் பாரம் வைத்து எண்ணெய் இல்லாமல் பக்கத்துக்கு ஐந்து நிமிடம். பிறகு ஒரு கரண்டி நெய், தட்டின பூண்டு, மிளகு, உப்பு. பிள்ளைகளுக்குச் சுக்காவைவிட இதுதான் பிடித்தது. கட்டம் கீறாமல் போட்டால் நடுவில் தண்ணீர் நின்று வழுக்குகிறது.

பஜ்ஜி போட்டுப் பார்த்ததில் தோல்விதான். எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருந்தது, ஐந்து நிமிடத்தில் உள்ளிருந்த ஆவி மாவை நனைத்துவிட்டது. முதலில் கல்லில் போட்டு வறட்டிவிட்டு மாவில் முக்கினால் நிற்கிறது. அத்தனை பாடுபட்டுப் பஜ்ஜி தின்ன வேண்டுமா என்றால், எனக்கு வாழைக்காயே போதும்.

இந்தக் காளானைக் கழுவ வேண்டியதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும், பண்ணைச் சரக்கில் மண் இருக்காது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துவிடும். உறையைப் பிரித்துக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். அடித்தண்டில் பஞ்சுபோல வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் அது பூஞ்சணம் பிடித்ததல்ல, காளானின் சொந்த இழையே மறுபடி முளைவிடுவது. அந்தப் பகுதியைச் சீவிவிட்டுச் சமைக்கலாம். பிசுபிசுத்து, புளித்த வாடை வந்தால், அல்லது பச்சை, கறுப்பு நிறம் கண்டால் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

கோவையில் இருக்கும் தங்கைக்கு இந்த முறையைத் தொலைபேசியில் சொன்னேன். அங்கே கிங் ஆய்ஸ்டர் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, விலையும் கூட. அவள் பால் காளானில் செய்தாள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்ட பிறகு ஊர்ப்பக்கம் பரவிய காளான் அது. கிங் ஆய்ஸ்டருக்குக் குளிர் வேண்டும், பால் காளானுக்கு நம் ஊர் வெக்கைதான் வேண்டும். தண்டு தடிப்பாக இருப்பதில் இரண்டும் ஒன்று. இழை கொஞ்சம் குட்டையாக வந்தது, ஆவியில் ஏழு நிமிடமே போதுமாக இருந்தது, மற்றபடி வறுக்கும் கணக்கு அப்படியே ஒத்துவந்தது என்றாள். பொடிச் சிப்பிக் காளானில் இந்தச் சுக்கா வராது, தண்டே இல்லாமல் எதைப் பிய்ப்பது.

நான்காவது சனி, வத்தல்

கடைசிச் சனிக்கிழமைக்குச் சுக்காவை மறுபடி செய்தேன். எடைகூட ஒத்துவந்தது: 800 போட்டு 448. புதிதாக எழுத ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முந்தைய வியாழக்கிழமை அம்மா எனக்குச் சொல்லாமலே ஒரு வேலை தொடங்கியிருந்தார். அரைப் பொட்டலத்தை, 200 கிராம், மெல்லிய வில்லைகளாகச் சீவி, உப்பும் புளித்த மோரும் பிசறி ஒரு இரவு வைத்து, காலையில் மோரைப் பிழிந்துவிட்டுத் தாம்பாளத்தில் பரப்பி, வெளித் தாழ்வார வெயிலில் வைத்திருந்தார். பிற்பகல் மழை வந்தபோதெல்லாம் ஓடிப்போய் உள்ளே எடுத்தார். இந்த ஊரின் ஈரக் காற்றில் வத்தல் காயாது என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் வெயிலில் பாதிதான் காய்ந்தது. மிச்சத்தை ஓவனில், மிகக் குறைந்த சூட்டில், கதவை ஒரு விரல் திறந்துவைத்து மூன்று மணி நேரம் காயவைத்தோம்.

நொறுக்கினால் ஒடியும் பதத்தில் தராசில் வைத்தேன். 27 கிராம். பிடித்திருந்த உப்பையும் மோரையும் கழித்துவிட்டால், முதல் சனி இரவு நான் படித்த கணக்கு அம்மாவின் தாம்பாளத்தில் அப்படியே இருந்தது.

பத்து வில்லையை நல்லெண்ணெயில் பொரித்துத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம். இன்னும் பத்தைக் காரக்குழம்பில் போட்டார். மீதியை ஒரு சின்ன டப்பாவில் அடைத்து, ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தார். அத்தைக்குக் காட்ட வேண்டுமாம். டப்பாவின் மேல் ஒட்டுவதற்குப் பெயர் எழுதித் தரச் சொன்னார். "கிங் ஆய்ஸ்டர் காளான் வத்தல்" என்று எழுதிக் கொடுத்தேன். "கிங்கெல்லாம் வேண்டாம், அவளுக்குப் படிக்கக் கஷ்டம்" என்று வேறு தாள் வாங்கி, தன் கையாலேயே "காளான் வத்தல், புரட்டாசி" என்று எழுதி ஒட்டிக்கொண்டார்.